முப்பத்திரண்டாம் தேதி

தாமோதரன் இறந்த செய்தி எனக்கு அலுவலகச் சுற்றறிக்கையாக வந்தது. ‘எல்லோரையும் அனுசரித்துப் போனவர்’ என்று மேலாளர் எழுதியிருந்தார். அந்தத் தாளைத் தொடவே அருவருப்பாக இருந்தது. போளூரில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் யாரை அனுசரித்தார்?

ஜவ்வாது மலைக் குழந்தைகளின் தடுப்பூசிப் பட்டியலுக்காக ஐந்தாறு வருஷம் முன்பு, எண்பதுகளின் நடுவில், நமக்கொரு கணிப்பொறி வந்தது. அவர் புரோகிராம் எழுதினார். நான் படிவங்களைப் பதிவு செய்தேன். தேதியாக இல்லாத எதையும் அவருடைய புரோகிராம் ஏற்காது. ஒருநாள், பிறந்த தேதி 32-3 என்றிருந்த படிவத்தில் நின்றுவிட்டது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “மார்ச்சுக்கு முப்பத்தொண்ணு. ஒண்ணு கூடினா ஏப்ரல் ஒண்ணு. இதுக்கு இன்னாத்துக்குய்யா நிக்குது?”

“மார்ச் இல்ல சார், ஆனி. தமிழுக்கு மூணாவது மாசம், முப்பத்திரண்டு நாளு வரும். கொழந்த ஜூலை நடுவுல பொறந்திருக்குது.” தாமோதரன் படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார். “இது ஒண்ணுதான் யோக்கியமான தப்பு. பன்னெண்டு-மூணு, இருவது-மூணுன்னு எத்தினி ஆனி மார்ச் வேஷம் போட்டுக்கினு உள்ள பூந்திருக்குதோ. மலைக்குப் போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

“நீ மலையேறி எறங்கறவரிக்கும் அறிக்கை காத்துனு இருக்குமா?” மேலாளர் என் பக்கம் திரும்பினார். “நீ போடும்மா.”

ஜூலை என்று காதால் கேட்ட பிறகும், நான் ஏப்ரல் ஒன்று என்று போட்டேன்.

தாமோதரன் கோபப்படவில்லை. “தெரிலன்னா நிறுத்தணும்மா. தெரிஞ்ச மாதிரி போடக் கூடாது” என்றார். தன் விடுப்பில் மலைக்குப் போய், வீடு வீடாகக் கேட்டுத் திருத்திய பட்டியலைக் கொண்டு வந்தார். அறிக்கை போய்விட்டது என்று மேலாளர் அதைத் தொடவே இல்லை.

ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை ஊசியை அந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பும் முன்பே போட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் போட்டால் அது பிடிக்காது. நம் பட்டியலிலோ ‘முடிந்தது’. அடுத்த ஆண்டு ஊரில் தட்டம்மை பரவியபோது அவளுக்கு ஒரு கண் போனது.

“எல்லா ஊசியும் ஆச்சின்னு எழுதினீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு வந்துச்சி?” என்று அவள் தாய் என்னிடம் கேட்டாள். பக்கத்தில் தாமோதரன் இருந்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மேலாளர் மீதிருந்த அருவருப்பு அன்றுதான் என் விரல்கள் மீதும் வந்தது.

அவள் இப்போது பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். ஆசிரியர் நம் பட்டியலைப் பார்த்து ஏப்ரல் ஒன்று என்றே எழுதிக்கொண்டாராம்.

தாமோதரன் பென்சிலால் திருத்திய பட்டியல் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். நாளை அதோடு மலைக்குப் போகிறேன். ஏப்ரல் ஒன்று நான் தெரிந்தே போட்ட பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டு, முதலில் அவள் தாயிடம் படித்துக் காட்ட வேண்டும்.