பைன்காரரும் பாசியம்மாவும்

அந்தப் பொதுத் தோட்டத்துப் பைன் மரங்களைப் பராமரிப்பவரை எல்லோரும் பைன்காரர் என்பார்கள். மரத்தடிப் பாறைகளில் பச்சைப்பசேலென்று பாசி வளர்ப்பவர் அவர் மனைவி பாசியம்மா. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே வழக்குதான்: எது உசத்தி?

"என் மரத்துக்கு வேர் இருக்கு, விதை இருக்கு, வைரம் பாஞ்ச கட்டை இருக்கு. உன் பாசிகிட்ட என்ன இருக்கு? வேர்கூட இல்ல!"

"வேர் இல்லாமலே வாழுதே, அது சாமர்த்தியம் இல்லையா?"

சாப்பாடு ஆறிப்போகும், வழக்கு மட்டும் தீராது.

ஒருநாள் வழுக்கி விழுந்து பாசியம்மாவின் கால் முறிந்தது. கோடை முழுக்கப் படுக்கை. "நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா படு" என்று மார்தட்டினார் பைன்காரர். தண்ணீரும் தவறாமல் விட்டார். ஆனால் மனிதர் இத்தனை வருடமும் அண்ணாந்தே வேலை பார்த்தவர். மரத்துக்கு விடுகிற பழக்கத்தில், மேலே ஒரு சொட்டும் படாமல் பாறைக்கு அடியில் பள்ளம் வெட்டி அதில் தண்ணீர் விட்டார். இல்லாத வேருக்கு அவ்வளவு உபசாரம்!

பாசி பழுப்பாகி மொறமொறத்தது. பைன் மரம் இப்படி முழுக்கக் காய்ந்தால் கோடாலிதான். மனைவி துண்டு துண்டாக ஒட்டி வளர்த்ததைக் கொன்றுவிட்டோம் என்றே பைன்காரர் நினைத்தார். அம்மா கேட்கும்போதெல்லாம் "ஜோரா இருக்கு" என்று பூசி மெழுகினார்.

அம்மா ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பிய அன்று தோட்டத்து வாசலிலேயே பைன்காரர் மறித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கொன்னுட்டேன். என்னை மன்னிச்சிடு."

அம்மா பாறையைத் தடவிப் பார்த்தார். பள்ளத்தையும் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க, இதையும் மரம்னு நினைச்சீங்களா? இது இலையாலதான் தண்ணி குடிக்கும். சாகல, தூங்குது. தெளிப்பானை எடுங்க."

அம்மா பூப்போலத் தெளித்தார். பைன்காரர் நம்பாமல் குனிந்து நின்றார். சுருண்டிருந்த குட்டி இலைகள் மெல்ல விரிந்தன. ஒரு குவளை காப்பி குடிக்கிற நேரத்துக்குள் பாறை பச்சையாகிவிட்டது. அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தியிடமா இத்தனை காலம் வாயாடினோம் என்று நெஞ்சு நிறையப் பெருமை.

சாயங்காலம் தோட்டம் பார்க்க வந்த ஒருவர் மரத்தை அண்ணாந்து, "அடேயப்பா, என்ன உயரம்!" என்றார்.

"உயரம் கிடக்கட்டும் சார்" என்றார் பைன்காரர். "காஞ்சா என் மரம் எழுந்திருக்காது. கீழ பாருங்க. இது எழுந்திருக்கும். வளர்த்தது என் வீட்டுக்காரி."