எட்டுச் செலவுக்கு ஒரு போத்தல்

என் கணவர் இறந்த ஏழாம் நாள், சாவுத் துடக்கும் கழியாமல், நான் நயாகராப் பக்கம் வைன் வாங்கப் போனேன். ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கவில்லை. சொல்லட்டும்.

அங்கே ஒரு பழைய திராட்சைத் தோட்டத்தில்தான் அவர் கொடி வெட்டும் வேலை செய்தார். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டட வாசலுக்கு, வேலையாட்களை ஏற்ற விடிய வான் வரும். கிறிஸ்மஸுக்குத் தோட்டத்தில் வேலையாட்களுக்கு ஆளுக்கொரு போத்தல் கொடுப்பார்கள். ஜக்கெற்றுக்குள் பொத்திக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் அதைத் திறந்து சிங்கில் ஊற்றுவேன். என் அப்பா குடித்தே அழிந்த மனிதர். போத்தலைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"ஒரு வாய் குடிச்சுப் பாருமன்" என்று ஒருமுறை இழுத்தார்.

"உது இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றேன். பிறகு அவர் கேட்கவேயில்லை. ஆனால் வருசா வருசம் கொண்டுவந்தார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. மீன், இறைச்சி, குடி என்று இறந்தவர் விரும்பியதையெல்லாம் படைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே நிற்போம். அதற்கென்று அவருடைய தமையன் ஏழாம் நாளே விஸ்கியோடு வந்துவிட்டார். "எல்லாரும் வைக்கிறதுதானே, பிள்ளை" என்றார்.

"அவர் விஸ்கி குடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ?" என்று பாய்ந்தேன். பாவம், மனிதர் போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மகளைக் காரை எடுக்கச் சொன்னேன்.

தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முதலில் சரித்திரம் சொன்னாள். கப்பலில் கொடித் தடிகளோடு வந்த முதல் ஆள், கல்வீடு, நிலவறையில் மரப் பீப்பாய்கள், நாலு தலைமுறைப் படங்கள். சுவர் முழுக்கத் தேடினேன். கொடி வெட்டுகிறவர்கள் ஒரு படத்திலும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மேசையில் வெள்ளை, சிவப்பு, உறைந்த பழத்தில் பிழிந்த ஐஸ்வைன் என்று வரிசையாக வைத்தாள்.

"அம்மா, எது வேணும்?"

"கிறிஸ்மஸுக்கு வேலையாக்களுக்குக் குடுக்கிறது எதெண்டு கேள்."

மகள் கேட்டாள். அது ஆளுக்கு ஆள் வேறு என்றாள் அந்தப் பெண். அவரவர் பார்த்த கொடிகளின் பழத்தில் செய்ததை அவரவருக்கே கொடுப்பது அந்தத் தோட்டத்தின் பழைய வழக்கமாம். உங்கள் ஆள் எந்தப் பக்கம் வேலை செய்தவர் என்று கேட்டாள்.

"ஏரிக்கரைச் சரிவு" என்றேன். நான் சிங்கில் ஊற்றியதெல்லாம் அவர் கைப்பட வளர்த்த கொடிகளின் பழமா? அவள் உள்ளே போய் ஒரு சிவப்புப் போத்தல் கொண்டுவந்தாள்.

அடுத்த நாள் படையலில் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிளாசில் அதை ஊற்றி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் அப்பார்ட்மென்ட் நடைபாதையில் நின்றோம். திரும்ப உள்ளே வந்ததும், வைத்த குடியை ஆம்பிளைகள் பங்கிடுவதுதான் முறை. தமையன் கையை நீட்டினார்.

"விடுங்கோ" என்றேன்.

நானே எடுத்துக் குடித்தேன். என் ஆயுளில் முதல் வாய். வீடே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நல்லாயிருக்கப்பா" என்று என் கணவருடைய படத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆள் இருக்கும்போது சொல்லியிருக்கலாம்.