யக்கா, கதவ சாத்து

எங்கள் கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டு வரிசை புரோகிராமர்களுடையது. யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால், ஒரகடம் தாண்டி பிளான்ட் வாசல் வரும்வரை மூன்று பேருக்கும் வாய் மூடாது. எனக்கு அவர்களுக்கு முன்சீட்டு. பெயர் கன்னியப்பன், மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். நான் பிடிக்கிற ஸ்பானருக்கு இதுவரை புது வெர்ஷன் என்று ஒன்று வந்ததில்லை, வரவும் வேண்டாம். ஆனால் பின்சீட்டில் வருஷம் பூரா ஒரே பேச்சு, அடுத்த வெர்ஷன்.

மெஷின்களுக்குப் புரோகிராம் எழுத அவர்களிடம் ஒரு டூல் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்து விற்பது. மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், நின்றால் ஸ்கிரீனில் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் லேப்டாப்பில் அதை வைத்துத்தான் எழுதுவார்கள். அது அடிக்கடி பாதியில் அசையாமல் தொங்கிவிடும். தொங்கும்போதெல்லாம் அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வார்கள். போன வருஷம், அடுத்த வெர்ஷனில் ஏஐ வருகிறது, வாயால் சொன்னால் போதும், தானே எழுதிவிடும் என்று செய்தி வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் என்னால் கண்ணை மூட முடியவில்லை.

"சொல்லப்போறது யாரு? நம்ம சூப்பர்வைசரு. அவரு சொல்றத கேட்டு அந்த ஏஐ ரிசைன் லெட்டர் குடுத்துடும்" என்றான் பிரவீன்.

"எனக்கு ஏஐலாம் வேணாம்ப்பா. மேனேஜர் 'சின்ன சேஞ்ச் தான்'னு ஆரம்பிச்ச உடனே லேப்டாப் தானா ஆஃப் ஆவணும். அது போதும்" என்றான் டில்லிபாபு. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணும் வேணும். 'நேத்து ஓடிச்சி, இன்னிக்கி ஓடல, நாங்க எதையும் தொடல'ன்னு மெயின்டெனன்ஸ்ல சொல்லுவாங்க பாரு, உடனே டூலு 'பொய்யி'ன்னு சத்தம் போடணும்."

நான் திரும்பி முறைத்தேன். தொடாமலே எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. தொட்டும் நின்றிருக்கிறது, அது வேறு விஷயம்.

இவர்கள் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பவள்தான் ஷாரோன். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

அவள் அப்பா அன்பு, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரகடத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கியே மகளை டிப்ளமோ படிக்கவைத்தார். அவள் எங்களிடம் அப்ரன்டிஸாக வந்தபோது, எலக்ட்ரிகல் பேனல்களைத் துடைக்கச் சொன்னோம். புது மெஷின் நிறுவ வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். விரட்டினால் போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே நிற்பாள். அப்படிப் பார்த்தும் கேட்டும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டாள். எங்கள் பிளான்டில் பிரேக் பாகங்களில் காற்று கசிகிறதா என்று பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. வெளியாள் ஒருவரும் இல்லாமல் எங்கள் ஆளே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புரோகிராம் எழுதிய முதல் மெஷின் அதுதான். எழுதியவள் ஷாரோன். இதை நான் என் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த மெஷினை ஓட்டுகிறவள் சுந்தராம்பாள், வல்லக்கோட்டைக்காரி. குரல் கணீரென்று இருக்கும். கம்ப்ரஸர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஒருநாள் அவள் ஷாரோனைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினாள்.

"இன்னாம்மா இது? பொழுதன்னிக்கும் செவப்பு லைட்ட போட்டுக்கினு இங்கிலீஷ்ல திட்டிக்கினே கீது?"

"திட்டலக்கா. முன்கதவு சரியா மூடலன்னு சொல்லுது."

"அத்த 'யக்கா, கதவ சாத்து'ன்னா நான் சாத்திட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு இம்மாம் நீட்டு இங்கிலீஷு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தோம். ஷாரோன் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை என்றால் ஏதோ வேலை வைக்கப்போகிறாள் என்று அர்த்தம்.

அந்த டூலுக்குத் தமிழ் வராது. தமிழில் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக ஏதோ வந்து விழும். ஷாரோன் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு வரியையும் வேறு இடத்தில் எழுதி, படமாக எடுத்து, ஸ்கிரீனில் ஒட்டினாள். மெஷினைப் பொறுத்தவரை அது எழுத்தே இல்லை, வெறும் படம். ஆனால் கதவு திறந்திருந்தால் பெரிய எழுத்தில் வந்தது: யக்கா, கதவ சாத்து. காற்று குறைந்தால்: காத்து கம்மி, கன்னியப்பண்ணன கூப்டு. ஆமாம், என் பெயர் ஸ்கிரீனில் வந்தது. முதல் நாள் அதைப் பார்க்க என் ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்றேன், வெட்கமே இல்லாமல் சொல்கிறேன்.

மேனேஜர் ராமன் சார் வந்து பார்த்துவிட்டு, "நல்ல தமிழ்ல போடக் கூடாதாம்மா?" என்று கேட்டார்.

"போட்டா நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா அக்கா அப்படிச் சொல்லலயே" என்றாள்.

அதோடு அவர் விட்டுவிட்டார். மெஷின் நிற்பது பாதியாகக் குறைந்துவிட்டது, அவர் ஏன் விடமாட்டார்? மற்ற லைன் பெண்களும் எங்களுக்கும் போட்டுக் கொடு என்று நச்சரித்து, எல்லா மெஷினும் தமிழ் பேச ஆரம்பித்தது.

இந்த நேரத்தில்தான் புது வெர்ஷன் சேதி வந்தது. பழையதற்கு இனி சப்போர்ட் கிடையாது, ஆயுத பூஜை லீவில் எல்லா மெஷினையும் புதுசுக்கு மாற்றியாக வேண்டும் என்று ஹெட் ஆபீஸ் உத்தரவு. பின்சீட்டில் ஏஐ, ஏஐ என்று குதித்தார்கள். ஷாரோன் மட்டும் புது வெர்ஷனின் விவரங்களைக் கடைசிவரை படித்தாள். மெஷின் சொல்லும் வரிகள் வருகிற இடத்தில் இனிமேல் படம் ஒட்ட முடியாதாம். எழுத்துதான் போட வேண்டும். தமிழ் எழுத்து புதியதிலும் உடைகிறது. அதாவது, லீவு முடிந்து சுந்தராம்பாள் வரும்போது மெஷின் மறுபடியும் இங்கிலீஷில் திட்டும்.

"இங்கிலீஷ்லயே போட்டுடும்மா, வேற வழியில்ல" என்றார் ராமன் சார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஷாரோன் விடவில்லை. டூல் விற்கிற கம்பெனி, வெளியிடுவதற்கு முன்னால் முன்னோட்டம் பார்க்க ஒரு வெர்ஷன் அனுப்பும். அதில் தமிழ் உடைவதைப் படம் எடுத்து அனுப்பினாள். 'குறித்துக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அடுத்த முன்னோட்டத்திலும் உடைந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி 'குறித்துக்கொண்டோம்'. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். பஸ்ஸில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "டீ வாங்கிக் குடுடா" என்று பிரவீன் கேட்டால் டில்லிபாபு, "குறித்துக்கொண்டோம்" என்பான்.

ஒருநாள் அப்படிச் சிரித்துக்கொண்டு வரும்போது டில்லிபாபு எழுந்து நின்று, "ஷாரோனு, எழுதி வெச்சிக்கோ. புது வெர்ஷன்ல தமிழு நேரா வந்துச்சின்னா, நான் வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடறேன்" என்றான். அவனுக்குத் தை மாசம் கல்யாணம். தலைமுடியை வாரி மேலே ஏற்றிவிட அவன் செலவழிக்கிற நேரத்தில் நான் ஒரு மோட்டாரையே கழற்றி மாட்டிவிடுவேன். நடக்காது என்ற தைரியத்தில்தான் சொன்னான். பஸ் அப்போது சரியாக வல்லக்கோட்டைக்குப் பிரியும் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வீடியோ காலில் வந்தாள். நல்ல பொம்பளைதான், பொறுமையாகக் கேட்டாள். உங்கள் ஆட்கள் நாற்பது இங்கிலீஷ் வரி கற்றுக்கொள்ள முடியாதா என்று ஒரு கேள்வி வைத்தாளாம். ஷாரோன் சொன்ன பதிலை பஸ்ஸில் எங்களிடம் சொன்னாள்.

"அவங்க எது குடுத்தாலும் கத்துக்குவாங்க மேடம், மெஷினையே கத்துக்கிட்டவங்க. ஆனா எங்க ஊர்ல வந்து ஓடுற மெஷினு எங்க பாஷைய கத்துக்கிட்டா கொறஞ்சா போயிடும்னு கேட்டுட்டேண்ணா."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"சோதிச்சுப் பாக்க வாக்கியங்க அனுப்புன்னாங்க. நம்ம லைன்ல கீற எல்லாத்தையும் அனுப்பிட்டேன்."

யாரும் ஜோக் அடிக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி கேட்க எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை.

ஆனாலும் கடைசி முன்னோட்டத்திலும் தமிழ் உடைந்துதான் வந்தது. ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். டில்லிபாபு லேப்டாப்புகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து ஷாரோன் முன்னால் தயங்கினான். அவள் சர்ச்சுக்குப் போகிறவள். "வை வை, எந்த சாமி காதுல விழுந்தாலும் சரி" என்றாள். இங்கிலீஷ் வரிகளையும் அவளே எழுதித் தயாராக வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் லீவில் காலையிலேயே நாங்கள் நாலு பேரும் லைனில் நின்றோம். இறுதி வெர்ஷனை ஏற்றினார்கள். ஏஐ எட்டிப்பார்த்து வணக்கம் சொன்னது, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஷாரோன் தட்டினாள். லேப்டாப்பில் நேராக வந்தது. அதில் வந்து பயனில்லை, மெஷின் ஸ்கிரீனில் வர வேண்டும். ஏற்றிவிட்டு, "கதவ தெறங்கண்ணா" என்றாள். திறந்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. யக்கா, கதவ சாத்து. கொம்பு கொம்பின் இடத்தில், எழுத்து எழுத்தின் இடத்தில், அச்சடித்த மாதிரி.

ஷாரோன் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து அழுதாள். பிரவீன் விசிலடித்தான். டில்லிபாபுவின் கை மெதுவாக அவன் தலைக்குப் போனது.

"சாமி கிட்ட நான் ஒண்ணும் வேண்டிக்கல, பஸ்லதான் சொன்னேன்" என்றான்.

"கோயில் ரோட்டாண்ட சொன்ன. அது சாமிக்குக் கேட்டுக்கினுதான் கீது" என்றேன்.

அந்த வாரமே வல்லக்கோட்டையில் மொட்டை விழுந்தது. பெண் வீட்டாருக்கு ஷாரோனே போன் செய்து காரணம் சொன்னாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, மாப்பிள்ளை பக்திமான் என்று சந்தோஷப்பட்டார்களாம்.

இதோடு முடிந்திருந்தாலே எனக்குப் போதும். ஆனால் போன வாரம் பஸ்ஸில் பிரவீன், "டேய், இத்த பாருங்கடா!" என்று கத்தினான். புது டூலை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்தக் கம்பெனி போட்டிருக்கும் உதவிப் பக்கம். உலகம் பூரா அந்த டூலை வைத்திருப்பவர்கள் திறந்து பார்க்கிற பக்கம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று காட்ட ஒரு படம் போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு மெஷின் ஸ்கிரீன். அதில்: யக்கா, கதவ சாத்து.

பஸ் இறங்கியதும் ஷாரோன் நேராக லைனுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். சுந்தராம்பாள் போனை வாங்கித் தள்ளி வைத்துப் படித்தாள்.

"இது எந்த ஊரு மெஷினு?"

"எல்லா ஊருலயும் இத்த பாப்பாங்கக்கா. நீங்க சொன்னதுதான்."

"அப்ப அந்த ஊர்லயும் கதவ சாத்தாமத்தான் ஓட்டறாளுங்களா?"

ஷாரோன் வாய்விட்டுச் சிரித்தாள். சுந்தராம்பாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். மூடியிருந்த கதவை வேண்டுமென்றே திறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததும், லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அந்தக் கணீர் குரலில் கூப்பிட்டாள்.

"வந்து பாருங்கடி, நான் சொன்னது!"