தீனி மிச்சம் வைத்த செவலை

ராகலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொன்னதாக ரஸீனாவின் தங்கை சொன்னாள். அதை ரஸீனா, புருஷனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நம்மட பசார்ல ஒரு தொப்பி போட்ட நானா ஈக்காராம். குதிரைட மூச்சப் பார்த்தே எது வெல்லும், எது தோக்கும் என்டு செல்லிடுவாராம். தோட்டத்து ஆக்கள் அவர்ட வாயப் பார்த்துட்டுத்தான் காசு வைக்கிறாங்களாம். எந்தப் பாவியோ தெரியா. அஞ்சு நேரமும் தொழுதிட்டு குதிரைட வாலப் புடிச்சிட்டுத் திரியிறான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இக்ராமும் சிரித்து வைத்தார். தேத்தண்ணி அப்படியொன்றும் சூடாக இல்லை. இருந்தாலும் ஊதி ஊதிக் குடித்தார். முகத்தைக் கோப்பைக்குள் வைத்துக்கொள்ள வேறு சாட்டு கிடைக்கவில்லை.

அந்தப் பாவி அவர்தான்.

நுவரெலியா பசாரில் தவிடு, பிண்ணாக்கு, கொள்ளு, கோழித்தீன் விற்கிற கடை இக்ராமுடையது. கீழே கடை, மேலே வீடு. வாப்பா தள்ளுவண்டியில் தவிடு கொண்டுபோய் விற்றுச் சேர்த்த கடை. மகனை இங்கிலீஷ் படிக்க வைத்து வங்கி உத்தியோகத்துக்கு அனுப்பும் எண்ணம் வாப்பாவுக்கு இருந்தது. படிப்பு வந்தது, உத்தியோகம் வரவில்லை. கடைசியில் அந்த இங்கிலீஷ் பயன்பட்டது ரேஸ் பேப்பர் வாசிக்கத்தான்.

ஏப்ரல் சீசன் வந்தால் ஊருக்குக் குதிரைகள் வரும். பந்தய மைதானத்து லாயங்களுக்குத் தீனி போடுகிறவர் இக்ராம். முதலில் வேடிக்கையாகத்தான் தொடங்கியது. மூட்டையை இறக்கிவிட்டுத் தொட்டிகளைப் பார்ப்பார். எந்தக் குதிரை தொட்டியை நக்கித் துடைத்து வைத்திருக்கிறது, எது பாதியில் விட்டிருக்கிறது, எது தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். அப்புறம் பேப்பரை எடுத்து, அந்தக் குதிரை முந்திய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, முதுகில் எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம், தரை ஈரமா காய்ந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். கீழ்நாட்டிலிருந்து வருகிற குதிரைக்கு மலைக்காற்று பழகவேண்டும். பந்தயத்துக்கு முதல் நாள் லொறியில் வந்து இறங்குகிற குதிரை எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் கடைசி வளைவில் மூச்சு வாங்கும். பேப்பர் போட்டு விற்கிறவர்களுக்கு அந்தத் தொட்டி தெரியாது. குதிரைக்காரப் பையன்களுக்கோ பேப்பர் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஊரில் இவர் ஒருவர்தான். அந்த நினைப்பு அவருக்குத் தித்தித்தது.

ஆனால் ஒருநாளும் ஒரு சதம் வைத்ததில்லை. வைப்பதுதானே ஹராம், பார்ப்பது ஹராமா? பார்த்ததைச் சொல்வது? பள்ளியில் மௌலவியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்ற பயம்.

சொல்வதும் ஒரே ஒருவரிடம்தான், செல்லசாமியிடம். கடையில் மூட்டை சுமக்கிற நாட்டாமி. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து, சாயங்கால பஸ்ஸில் போவார். தோட்டத்து மாரியம்மன் கோயில் காசுக்குப் பொறுப்பும் அவர்தான். லயத்தில் இத்தனை ஆண்கள் இருக்க, குடிக்காத ஒரே ஆள் என்று பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவர் தலையில் கட்டிய பொறுப்பு.

போன வாரம் தவிட்டு அறையில் வைத்து செல்லசாமி கேட்டார்.

"நானா, இந்த வருசம் வாயே தெறக்க மாட்டேங்கிறீங்க. உங்க வாயிலேர்ந்து முத்து உதிர்றதுக்குள்ள குதிரை ஓடி முடிஞ்சு கொள்ளுத் திங்கப் போயிரும்."

"கடைசி லாயத்துச் செவலை" என்றார் இக்ராம், கோணியைத் தைத்தபடியே. "ஒவ்வொரு ஓட்டத்திலயும் ஒரு படி முன்னுக்கு வந்தீக்கி. வந்து நாளாச்சி, குளிருக்கும் பழகிட்டு. தொட்டில ஒரு பருக்கை மிச்சமில்ல."

"பேரு என்னமோ நீளமா இங்கிலீசுல போட்டிருக்கே, அதா?"

"அதுதான். நான் செல்லல்ல, சரியா?"

"நீங்க எங்க சொன்னீங்க? கோணிதானே தைச்சீங்க."

அன்றைக்கு இக்ராம் செவலையைப் பற்றிச் சொன்னது உண்மை. பொய் பந்தய நாள் காலையில்தான் வந்தது.

அன்று கடைசி லாயத்தில் மூட்டையை இறக்கிவிட்டு வழக்கம்போலத் தொட்டியைப் பார்த்தார். முந்தின நாள் போட்ட தீனி அப்படியே ஊறிப் புளித்துக் கிடந்தது. செவலை சுவரைப் பார்த்து நின்றது. விலா ஒட்டியிருந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. குதிரைக்காரப் பையன், "ரெண்டு நாளா இப்பிடித்தான், தொர கிட்ட சொல்லியாச்சு" என்று முணுமுணுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். ஓடட்டும், ஓடினால் போதும் என்று குதிரையின் முதலாளி நினைத்திருப்பார்போல.

செல்லசாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் இக்ராம் லொறியைத் திருப்பினார்.

கடை வாசலில் ஒரு வேன் நின்றது. மகள் இஷ்ராவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வாப்பா, மாவனல்லை ஸாஹிர் ஹாஜியார், பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தவர், காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். பெண்ணைப் பார்க்கிறதுக்கு முதல் பெண்ணின் வாப்பாவைக் கடையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தராசு எப்படி, பேச்சு எப்படி, பக்கத்துக் கடைக்காரன் என்ன சொல்கிறான் என்பதையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதல்லவா. பக்கத்துக் கடைகளில் ஏற்கனவே விசாரித்து முடித்திருந்தார்.

"நல்ல பேர் ஈக்கி உங்களுக்கு" என்றார் ஹாஜியார், தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் சாய்ந்துகொண்டு. "இந்தக் காலத்துல பேர்தான் சொத்து."

அந்த நேரம் பார்த்து செல்லசாமி தலையில் போட்ட சாக்குத் துணியோடு உள்ளே வந்தார். விருந்தாளியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இக்ராமின் காதுப்பக்கமாகக் குனிந்தார். அவருடைய இரகசியக் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிது.

"நானா, அந்தச் செவலை அதேதானே? மாத்தம் ஒன்னும் இல்லையே?"

ஹாஜியாரின் கண்கள் கோப்பைக்கு மேலே உயர்ந்தன. 'தொப்பி போட்ட நானா' கதை மாவனல்லை வரைக்கும் போயிருக்குமா?

"என்ன செவலை?" என்றார் இக்ராம் உரக்க. "குதிரை, ரேஸ் என்டு இந்தக் கடைக்குள்ள பேசக் கூடாதென்டு எத்தின தரம் செல்லீக்கி? மூட்டைய எறக்கிட்டுப் போங்க. வெட்கமில்லையா உங்களுக்கு?"

செல்லசாமியின் முகம் ஒரு நொடி சுண்டியது. பிறகு அவர் விருந்தாளியைப் பார்த்தார், இக்ராமைப் பார்த்தார், எல்லாம் புரிந்த மாதிரி மீசைக்குள் ஒரு சிரிப்பை ஒளித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க மொதலாளி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இக்ராமை முதலாளி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானாவுக்கு உதவியாக நாடகத்தில் தன் பங்கையும் ஆடிக்கொடுத்தார். மூட்டைகளை இறக்கினார். பந்தய நாளில் வழக்கமாக எடுக்கிற அரைநாள் லீவில் கிளம்பி, மைதானத்துப் பக்கம் நடந்துபோனார்.

நேரம் இருந்தது. இதைத்தான் இக்ராமால் பிறகு எந்தச் சாட்டும் சொல்லி விழுங்க முடியவில்லை. போன் சட்டைப் பையில் இருந்தது. தவிட்டு அறைக்குள் போய், 'வேணாம், அது சரியில்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் குதிரைப் பேச்சுப் பேசினால் தானும் சூதாடியதாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். அத்தனை வருஷம் இல்லாத மார்க்கப் பற்று அந்த நேரம் பார்த்து வந்து துணைக்கு நின்றது. குதிரைதானே, ஓடினாலும் ஓடும், யார் கண்டது என்று இன்னொரு நியாயமும் வந்தது. தொட்டியைக் கண்டவரே அவர்தான்.

பகல் சாப்பாடு மேலே வீட்டில். ஹாஜியாரும் இக்ராமும் ஒரே சவன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தார்கள். ஜன்னல் வழியாக மைதானத்து ஒலிபெருக்கி கேட்டது. காற்று திரும்பும்போது தெளிவாக, இல்லாதபோது இரைச்சலாக.

"இஞ்சயும் இந்தச் சத்தம் கேக்குமா?"

"சீசனுக்கு மட்டும்தான்" என்றார் இக்ராம்.

செவலையின் நீளமான இங்கிலீஷ் பெயர் தொடக்கத்தில் முன்னால் கேட்டது. அடுத்த தரம் நடுவில் கேட்டது. ஏரிப்பக்க வளைவு வந்ததும் அறிவிப்பாளரின் குரல் ஏறியது, வேறு இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்தன. செவலையின் பெயர் அதற்குப் பிறகு வரவே இல்லை. இக்ராமின் விரல்கள் சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன.

"சாப்பிடுங்க" என்றார் ஹாஜியார், இறைச்சித் துண்டொன்றை அவர் பக்கம் தள்ளி. "காலையில அந்த நாட்டாமிக்கு ஏச்சுக் குடுத்தீங்களே, எனக்கு அது புடிச்சீக்கி. வேலைக்காரன் என்டு பாராம, தப்ப தப்பென்டு முகத்துக்கு நேர செல்றது பெரிய விஷயம். அப்பிடி ஒரு வீட்லதான் நாங்க சம்பந்தம் வைக்கணும்."

கதவுக்குப் பின்னால் ரஸீனா சந்தோஷத்தில் யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது. இக்ராம் அந்த இறைச்சித் துண்டை வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார்.

வேன் போனபோது மழை பிடித்திருந்தது. கடையைத் திறக்க இறங்கி வந்தவர், வாசல் பலகையோரம் ஒதுங்கி நின்ற பெண்ணைக் கண்டார். செல்லசாமியின் மனைவி வீரம்மா. கொழுந்து எடுத்த உடுப்போடேயே பஸ் ஏறி வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் அவிழவில்லை.

"நானா, எங்க வீட்டுக்காரரு இங்கதான் இருக்காரா? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறாரு. தேர் சோடிக்க ராகலையிலேர்ந்து ஆளுங்க வந்து கோயில்ல குந்திக்கிட்டிருக்காங்க, காச வச்சாத்தான் கையே வைப்போங்கிறாங்க. பொட்டியத் தெறந்து பாத்தா ஒன்னுமில்ல."

இக்ராம் கடைப் பலகையொன்றைக் கழற்றிச் சுவரில் சாத்தினார்.

"பொம்பளைங்க கண்டபடி பேசுறாளுங்க. நான்தான் சொல்லிட்டு வந்தேன், அவரு பத்திரமா நானா கடையில குடுத்து வச்சிருப்பாருன்னு. உங்ககூட இருக்கிற மனுசன் கெட்ட வழிக்குப் போக மாட்டாருல்ல."

கடைக்குள் போய் விளக்கைப் போட்டால் முகம் தெரியும். இக்ராம் விளக்கைப் போடாமலே நின்றார். தெரியாது என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். செல்லசாமியும் ஒருநாளும் காட்டிக்கொடுக்க மாட்டார். காலையில் அத்தனை அவமானப்படுத்தியும் அந்த மனுசன் இவருடைய மானத்தைக் காப்பாற்றத்தானே சிரித்தார். இஷ்ராவின் கல்யாணம் நடக்கும். பேர் கெடாது.

"குதிரைல வச்சிட்டாரு" என்றார். "கோயில் காசென்டு எனக்குத் தெரியா. ஆனா அந்தக் குதிரைய செல்லிக் குடுத்தது நான்தான். இப்ப மட்டுமில்ல, எந்த சீசனும் நான்தான்."

வீரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படி ஏறி வந்து, கேட்காமலே ஒரு தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்து மழையைத் துடைத்தாள்.

"குதிரைன்னா தோக்கிறதும் உண்டுதானே" என்றாள் கடைசியில். "உங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா என்ன?"

அவள் அவரைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டாள். ஒரு 'இல்லை' போதும்.

"தெரியும்" என்றார் இக்ராம். "காலையிலேயே தெரியும். குதிரைக்குச் சொகமில்ல. அவரு கேட்டாரு. ஆக்கள் இருந்தாங்க, நான் செல்லல்ல."

மாடிப்படியில் ரஸீனா பாதி இறங்கி நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க லயத்துல அவரு தலை நிமிந்து நடப்பாரு" என்றாள் வீரம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "அது ஒன்னுதான் அவருக்கு இருந்திச்சு." பிறகு, "என் போன எடுக்க மாட்டாரு. வெக்கமா இருக்கும். நீங்க போடுங்க. குத்தம் உங்க பேர்லன்னு அவருகிட்டயும் சொல்லுங்க. அப்பறம் கோயிலுக்கு வந்து, எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

கோயிலில் சொன்னால் விடிவதற்குள் பசாருக்கு வரும். பசாரிலிருந்து மாவனல்லைக்கு எவ்வளவு தூரம்?

"வாறன்" என்றார் இக்ராம்.

போனை எடுத்தார். விரல் ஈரத்தில் வழுக்கியது, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மணி போனது. வீரம்மா மூட்டையிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். முதலில் என்ன சொல்வது, நானா பேசுறன் என்பதா, மன்னிச்சிருங்க என்பதா என்று அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.