கண்ணாடிக்கு முன்னால் ஒரு மீட்டர்

"யாரை வேவு பாக்கறதுக்குடா இது?" என்றுதான் மாமா முதலில் கேட்டார்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். எங்கள் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்கு வெளியே, வைப்பர் பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் வட்டமாக ஒரு மீட்டர் புதிதாக உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு டியூப் பானெட்டுக்குள் இறங்கிப் போனது. மாமா அந்த டியூபை விரலால் தடவி மோந்து பார்த்தார். டீசல் வாசனை அடித்திருக்கும். அதற்குமேல் அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அந்த வண்டி எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொது. வாரத்தில் பாதி நாள் அவர் ஓட்டுவார், மீதி நாள் நான். செராமிக் ஷெட்டுகளில் பீங்கான் பொம்மை, கரண்ட் போர்டுக்கான பீஸ் கட்டை என்று எது கிடைத்தாலும் வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டு சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் பக்கம் போவோம். கொஞ்ச நாளாக, லோடு ஏற்றி ரயில்வே மேம்பாலத்தில் ஏறினால் பாதியிலேயே வண்டி இழுக்காமல் திணறியது. ஒருநாள் என் கையில் அப்படியே நின்றுபோனது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பஸ் ஒதுங்கித் தாண்டிப் போனதும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பின்பக்கமாகவே பாலத்தை விட்டு இறங்கினேன். இறக்கியபோது பாதிப் பொம்மைக்குக் கழுத்து இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "மேடு ஏத்தத் தெரியலன்னா சைக்கிள் ஓட்டு. எங்கிட்ட நல்லாத்தான் இருக்குது வண்டி" என்றார். அவரிடமும் அது திணறியது எனக்குத் தெரியும். பெண்ணாடம் ரோட்டில் டீக்கடைக்காரரே பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். ஆனால் நான் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்லுவார். மாமாவோ பேசிக்கொண்டே பிறந்தவர் மாதிரி.

அதனால் மெக்கானிக் பாயிடம் போனேன். பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் நல்லாருக்குதுண்ணே. டீசல் பத்தலன்னு தோணுது. தோணறதை வெச்சு, இன்ஜினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்பைக் கழட்டக் கூடாது. ஒரு ப்ரஷர் மீட்டர் போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

வேலை ஒன்றும் பெரியது இல்லை. பில்டரிலிருந்து பெரிய பம்புக்குப் போகிற லைனை வெட்டி, நடுவில் ஒரு டீ ஜாயிண்ட் வைத்து, அதன் மூன்றாவது வாயில் மீட்டருக்குப் போகிற டியூபை மாட்டி கிளிப் போட்டு இறுக்கினார். லைனுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பதுதான் நேரம் பிடித்தது. பில்டர் தலையில் இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கை பம்பை நான் அமுக்க அமுக்க, நுரை நுரையாக டீசல் கொப்பளித்தது. நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் பாய் திருகை இறுக்கினார்.

மீட்டரை வண்டிக்கு உள்ளே, ஸ்டியரிங் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பாய் மறுத்துவிட்டார். "உள்ள டியூப் வெடிச்சா உங்க தொடை மேல டீசல் அடிக்கும். வெளியிலயே இருக்கட்டும். கண்ணாடி வழியாப் பாருங்க." அவர் சொன்னது சரிதான். ஆனால் வெளியே வைத்ததால்தான் ஊரே அதைப் பார்த்தது. பங்க்கில் டீசல் அடிக்கிறவர், "வண்டிக்கும் ப்ரஷர் வந்துருச்சா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார்.

முள் எவ்வளவு இறங்கினால் ஆபத்து என்று பாய் மீட்டர் கண்ணாடி மேல் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். மாமாவுக்கு அந்தக் கோடும் சேர்ந்துதான் கண்ணில் பட்டது.

எங்கள் பக்கம் முள் வைத்த எதுவும் மீட்டர்தான். வீட்டில் கரண்ட் எவ்வளவு ஓடியது என்று காட்டுவதும் மீட்டர், ஆட்டோவில் ஓடுவதும் மீட்டர். டீசல் லைனில் மீட்டர் என்றால் எவ்வளவு டீசல் போனது என்று எண்ணுகிற மீட்டர் என்றே மாமா எடுத்துக்கொண்டார்.

"நான் டீசலைக் குடிக்கிறனா? இல்ல, உருவி விக்கிறனா? கோடு வேற போட்டு வெச்சிருக்கான், இதுக்கு மேல தாண்டக் கூடாதுன்னு."

"அது எவ்ளோன்னு காட்டாது மாமா. ப்ரஷருங்க."

"எனக்குத்தான்டா ப்ரஷரு. உன்னால."

ஷெட்டு ஆட்கள் லோடு கட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆவணியில என் பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள இது வண்டியில இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா, மாமன்னு சொல்லிக்கினு மேடைப் பக்கம் வந்துராத."

அக்காவுக்கு அவள் ஒரே பெண். எனக்கு அவள் ஒரே மருமகள். காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வராமல் எங்கள் பக்கம் பெண் மேடை ஏற மாட்டாள். நான் இல்லையென்றால் எங்கள் பெரியப்பா வழியில் யாரையாவது நிற்க வைப்பார்கள். நான் சாப்பிடுகிற வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தது. "அது என்னா எழவோ, கழட்டிப் போட்டுடேன்டா. உனக்குக் கல்யாணம் பெருசா, மீட்டரு பெருசா?"

கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் என் முறை. ஒரே ஒரு லோடு முடித்துவிட்டு பாயிடம் போகலாம் என்று கிளம்பினேன். மேம்பாலத்தில் ஏறும்போது முள்ளைப் பார்த்தேன். அடிவாரத்தில் சரியாக நின்றது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தக் கீழே இறங்கியது. பாதிப் பாலத்தில் சிவப்புக் கோட்டுக்கும் கீழே போய்விட்டது. அதே இடத்தில் இன்ஜினும் திணறியது. அன்றைக்கு லோடு குறைவு என்பதால் எப்படியோ தாண்டினேன்.

பாய் டேங்கை இறக்கினார். உள்ளே, டீசல் உறிஞ்சுகிற குழாயின் வலையைச் சுற்றி வைக்கோல் அப்பியிருந்தது. அள்ளி ஒரு பிளாஸ்டிக் மக்கில் போட்டார். பாதி மக்கு நிறைந்தது.

பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தையில் மாமா டேங்க் மூடியைப் பெண்ணாடம் பங்க்கில் மறந்து விட்டுவிட்டு வந்தார். புது மூடி வாங்கும்வரை டேங்க் வாயில் ஒரு வைக்கோல் பிரியைத் திரித்துச் சொருகியிருந்தார். எங்கள் ஊரில் அது தப்பாகவே தோன்றாது. தண்ணீர்க் குடத்து வாய்க்கும் வைக்கோல், ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்கும் வைக்கோல். வண்டி குலுங்கக் குலுங்கப் பிரி பிய்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. மூடி வந்தது. விழுந்தது விழுந்ததுதான்.

"கொண்டுபோய்க் காட்டுங்கண்ணே" என்று பாய் மக்கைக் கையில் கொடுத்தார். மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாது, மாட்டுத் தீனியா?"

"டேங்க்ல இருந்துச்சு மாமா. இதான் அடைச்சிருக்குது."

"ஏன், உன் லோடுல வைக்கோல் இல்லியா? நீ என்னா பஞ்சு வெச்சா பொம்மை அடுக்கற?"

மூடி தொலைந்த கதையை நான் சொல்லவில்லை. அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண் ஒரு நொடி மக்கிலேயே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, வண்டி சரியாயிருச்சுல்ல? இப்ப அதைக் கழட்டு" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கழற்றுகிற எண்ணம் போனது. இப்போது கழற்றினால் அவரைப் பிடிக்கத்தான் வைத்தேன், பிடித்ததும் எடுத்துவிட்டேன் என்று ஆகிவிடும். மக்கைக் கீழே வைத்தேன்.

"கழட்ட மாட்டேன் மாமா."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. மக்கைக் காலால் எத்தினார். டீசலும் வைக்கோலும் வாசல் கோலத்தின் மேல் பரவின. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப நீ வராத" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அதன் பிறகு பேச்சு இல்லை. அவர் ஓட்டுகிற நாளில் மீட்டர் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுவார். என் முறைக்கு வண்டி வரும்போது நான் அவிழ்ப்பேன். அடுத்த முறை இன்னும் இறுக்கமாக முடிச்சு போட்டிருப்பார்.

கல்யாணத்துக்குப் போனேன். சீர்த் தட்டுகளை மண்டப வாசலிலேயே என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் தூணோரமாக நின்றேன். நாதஸ்வரம் நின்றதும் ஐயர், "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? வாங்கோ" என்று கூப்பிட்டார். பெரியப்பா வழிப் பையன் ஒருத்தன் வேட்டியைச் சரி செய்துகொண்டான். அக்கா மேடையில் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றது. பார்வையை எடுக்கவில்லை.

மாமா மைக்கை வாங்கினார்.

"எங்க அந்த மீட்டர்காரன்? செருப்பை எண்ணிக்கினு நிப்பான், கூப்புடுங்க."

மண்டபமே சிரித்தது. நான் அத்தனை பேர் நடுவில் நடந்தேன். மேடையில் மாமா என் முகத்தைப் பார்க்காமல் மாலையை என் கையில் திணித்தார். மணப்பெண் அறை வாசலில் மருமகள் கையை நீட்டினாள். மருதாணி காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"மெதுவா நட மாமா, புடவை தடுக்குது" என்றாள்.

மறுநாள் மண்டபத்துச் சாமான் ஏற்ற வண்டியை எடுத்தேன். துண்டை இந்த முறை கம்பி போட்டுக் கட்டியிருந்தார். கட்டிங் பிளேயர் வாங்கி வரப் போக வேண்டியிருந்தது.