தூணில் சேராத பெயர்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள எங்கள் சிறிய துறைமுகத்தில் ஒரு போர் நினைவுத்தூண் நிற்கிறது. அதில் ஒரு பெயரைச் சேர்க்க எஃபி பர்வஸ் இரண்டு வருஷம் அலைந்தார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய பெண்மணி. அப்பா இறந்தபின் அவருடைய அலமாரியை ஒழித்தபோது, கடற்படைத் தொப்பி போட்ட ஓர் இளைஞனின் படம் அகப்பட்டது. பின்புறம் 'ஏடம், 1917' என்று எழுதியிருந்தது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தார். ஏடம், எஃபியின் தாத்தாவுக்கு அண்ணன். நூலகத்துப் பழைய செய்தித்தாள்களில் மீதி கிடைத்தது. கண்ணிவெடி அகற்றப் போன படகு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வயது இருபத்திரண்டு.

"வலை பின்னி வயித்தக் கழுவின குடும்பம்தானே, அதான் விட்டுட்டாங்க" என்று எஃபி கொதித்தார். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். நானும் போட்டேன். ஊர்க்குழு ஒப்புக்கொண்டு கல்தச்சரை ஏற்பாடு செய்தது.

பழைய எழுத்தின் மாதிரி வேண்டும் என்று கல்தச்சர் கேட்டார். அதைத் தேடப் போன தேவாலயச் செயலாளர் வால்டர் ரென்டனின் கையில், 1920இல் தூணை நிறுவிய குழுவின் குறிப்பேடு சிக்கியது. நேராக எஃபியின் வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"படிச்சிட்டு என்மேல பாயாத."

"மொதல்ல ஷூவக் கழட்டு. இப்பத்தான் தரையத் தொடச்சேன்."

குறிப்பு இதுதான்: 'ஏடமின் தாயார் எல்ஸ்பெத் பர்வஸை மூன்று முறை போய்ப் பார்த்தோம். பெயரைத் தர மறுக்கிறார். செத்தவர்கள் பெயரைப் போடுங்கள், என் மகன் வந்துகொண்டிருக்கிறான் என்கிறார்.'

எஃபி இரண்டு முறை படித்தார்.

"எப்ப வரைக்கும் இருந்தா இவ?"

"நாப்பத்தொண்ணு வரைக்கும். சாவுப் பதிவேட்டுல இருக்கு."

"இருபத்தொரு வருஷம். ஒரு தடவகூட மனசு மாறலியா?"

"மாறினதா எங்கயும் எழுதல. குறிப்பேட்டக் கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன்."

மறுநாள் காலை எஃபி கல்தச்சரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் பலருக்குக் கோபம். மீன் வண்டிக்காரர் டூகல் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"மழையில நிக்க வெச்சுக் கையெழுத்து வாங்கின. இப்ப வேணாங்குற. நீ பஸ்ஸ மட்டுந்தான் ரிவர்ஸ் எடுப்பேன்னு நெனச்சேன்."

"பெத்தவ வேணாம்னுட்டா, டூகல். போடுன்னு சொல்ல நான் யாரு?"

"அவ போயே எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சே!"

எஃபி மீனை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ஏடமைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதினார். தாயார் சொன்னதையும் சேர்த்து, யாரும் எடுத்துப் படிக்கும்படி தேவாலயத்தில் வைத்தார். செய்தது சரிதானா என்று இப்போதும் என்னைக் கேட்பார். எனக்கும் தெரியவில்லை.

போன மாதம் அபர்டீனிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் படித்திருக்கிறார். அதே படகில் போன சமையல்காரரின் பேத்தி மகளாம். எஃபிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அந்தச் சமையல்காரரின் பெயர் எந்தத் தூணில் இருக்கிறது என்று இப்போது இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள்.