ஐந்து கிலோ தூளும் ஒரு கடற்கரையும்

மெல்பேர்ன் டண்டினோங்கில் வசிக்கும் தவமலர் நான்கு நாடுகளைப் பார்த்தவர். சரியாகச் சொன்னால், நான்கு நாடுகளின் குசினிகளைப் பார்த்தவர். லண்டனில் கணவரின் தம்பி வீட்டு அடுப்பில் பால் எப்போது பொங்கும், பாரிஸில் மச்சாள் வீட்டு அடுப்பில் எந்தப் பக்கம் அடிப்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஈபிள் கோபுரத்தையும் ஒருமுறை பார்த்தார். மீன் வாங்கப் போகும் வழியில் சிவப்பு விளக்குக்குக் கார் நின்றபோது தெரிந்தது. பச்சை விழுந்ததும் கார் கிளம்பிவிட்டது.

யாரைக் குற்றம் சொல்வது? யாழ்ப்பாணத்தார் வெளிநாடு போனால் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் இரண்டு தலைமுறைக்குக் கோபம் நிற்கும். வீட்டில் தங்கினாலோ, இரண்டாம் நாளே யாராவது "மச்சாளின்ரை கைப்பக்குவம் ஆருக்கும் வராது" என்று தொடங்குவார்கள். அத்தோடு உல்லாசப் பயணம் முடிந்து சமையல் தொடங்கிவிடும்.

இந்த வருடம் முதியோர் இல்லத்தில் பதினேழு வருட வேலைக்கான நீண்ட விடுமுறை தவமலருக்குக் கிடைத்தது. அவர் கேட்டது மிகக் கொஞ்சம்.

"மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு சின்ன ஊர். கடலுக்கு முன்னாலை சாய்ஞ்சிருக்க ஒரு கதிரை. தெரிஞ்ச முகம் ஒண்டும் இருக்கக் கூடாது. சாப்பிட்ட கோப்பையை வேறை ஆரும் கழுவோணும்."

"அவ்வளவுதானே, நான் பாக்கிறன்" என்றார் கணவர் சச்சிதானந்தன். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. வழி கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம்.

அவர் ஊர் தேடிய விதம் அலாதியானது. மற்றவர்கள் மணலையும் தண்ணீரையும் பார்ப்பார்கள். அவர் பார்த்தது ஒன்றைத்தான்.

"இஞ்சை பாரும், பலெர்மோவிலை எங்கடை சனம் நிறைய இருக்கினமாம்."

"அப்ப அது வேண்டாம்."

"மார்செய்? என்னோடை படிச்ச அருந்தவன்ரை மருமகன் அங்கை கடை வைச்சிருக்கிறான்."

"அதுவும் வேண்டாம்."

இப்படி அவர் ஆசையாகச் சொன்ன ஊரையெல்லாம் தவமலர் அடித்துக்கொண்டே போனார். கடைசியில் வழி காட்டியது கூட வேலை செய்யும் எலெனி. அவருடைய தாயாரின் ஊர் கிரேக்கக் கரையில் ஒரு மூலையில் இருந்தது. அங்கே பூனைகளும் கிழவர்களும்தான் என்றும், தான் அந்தப் பக்கம் போவதேயில்லை என்றும், போனால் சொந்தக்காரருக்குச் சமைத்தே சாக வேண்டும் என்றும் எலெனி சொன்னார். தவமலருக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அங்கிருப்பது எலெனியின் சொந்தக்காரர்தானே, தன்னுடையவர்கள் இல்லையே.

கடலைப் பார்த்த ஓர் அறை, ஓகஸ்டில் இரண்டு வாரம் என்று பதிவாயிற்று. "ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது" என்றார் தவமலர். சச்சிதானந்தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

சத்தியம் ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் கேரம் டவுன்ஸ் கோயிலில் பயணத்துக்காக ஓர் அர்ச்சனை. அர்ச்சனை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் அங்கே அவருடைய பழைய சிநேகிதர் மகேந்திரராஜா, தான் போன கப்பல் பயணத்தின் படங்களைக் காட்டிக்கொண்டு நின்றார். மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? சச்சிதானந்தன் ஊரின் பெயரைச் சொன்னார். சொன்ன வாய் சும்மா கிடக்காமல், கடலின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

அடுத்த நாளே லண்டன் தம்பி எழுதினார்: அண்ணை இவ்வளவு தூரம் வரேக்கை நாங்கள் மூண்டரை மணித்தியாலம் பறக்க மாட்டமோ? சுவிஸ் சொந்தக்காரரும் புறப்பட்டார்கள். பாரிஸ் மச்சாள் எழுதியதுதான் மணிமகுடம்: தவமலர் மச்சாள் வாறா எண்டால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. ஓர் அறை போய், ஏழு அறை வீடு வந்தது. "குசினி நல்ல பெரிசு" என்று சச்சிதானந்தன் படத்தைக் காட்டினார். முகத்தில் அப்படியொரு பெருமை. "கறித்தூள் நாங்கள் கொண்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டன். ஒரு அஞ்சு கிலோ வறுத்தால் காணும்."

தவமலர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். பதினேழு வருடம் மற்றவர்களின் தாய் தகப்பனைக் குளிப்பாட்டிய கை. அதற்கு ஒரு கதிரையில் இரண்டு வாரம் சும்மா கிடக்கக் கொடுத்துவைக்கவில்லை. கோபம் கணவர்மேல் அல்ல, எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்றே பழகிய தன்மேல்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மகள் லக்சிகாவுக்குத் தொலைபேசி எடுத்து ஏதோ கேட்டார். "டூ இட், அம்மா" என்றாள் மகள்.

பிறகு இரண்டு நாள் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுபட்டன. தெருவே தும்மியது. மனைவி சத்தமில்லாமல் வறுப்பதைப் பார்த்த சச்சிதானந்தன், எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார்.

விமான நிலையத்தில் லக்சிகா இறக்கி வைத்தது ஒரே ஒரு பெட்டி. சச்சிதானந்தன் காரின் பின்பக்கத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"உம்மடை பெட்டி எங்கை?"

"வீட்டை. என்ரை டிக்கெட்டை செப்டம்பர் கடைசிக்கு, வேறை ஊருக்கு மாத்திப்போட்டன். நீங்கள் சந்தோஷமாப் போட்டு வாங்கோ."

ஏழு அறை வீடும் அத்தனை வயிறுகளும் சச்சிதானந்தனின் கண்முன்னே வந்திருக்க வேண்டும்.

"அப்ப சமையல்?"

"தூள் உங்கடை பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன். அஞ்சு கிலோ, சரியா நிறுத்து."

வரிசையில் நின்றபோது அவர் இன்னொருமுறை திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நீர் போற ஊர் எது? அதையாவது சொல்லுமன்."

தவமலர் அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டார்.

"வந்தாப்பிறகு சொல்லுறன். இப்ப சொன்னால் குரூப்பிலை வந்திடும்."